அடுத்து என்ன கேம் வாங்கலாம், அம்மான்?

போன மே மாசம் அப்பச்சிக்கு (எங்க பக்கம் அப்பாவ அப்பச்சிம்போம்) அறுபதாங்கல்யாணம். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர் வீட்டுலயே வச்சோம், மூணு நாளு வீடு நெறைய ஆளு. அடுப்படியில ஒரு பக்கம் வெள்ளைப் பணியாரம் போகுது, கொட்டகையில ஒருத்தர் சேர் எண்ணிக்கிட்டு இருக்காக, நான் பந்தியில தண்ணி ஊத்துற வேலையிலேர்ந்து நைசா நழுவி ரெண்டாங்கட்டுத் தூணுக்குப் பின்னாடி போய் உக்காந்தேன். எங்கேர்ந்துதான் பாத்தானோ, சிங்கப்பூர்லேர்ந்து வந்திருந்த ஆச்சி மகன் (எங்க பக்கம் அக்காவ ஆச்சின்னுதான் கூப்பிடுவோம்) பன்னெண்டு வயசு, வந்து ஒட்டிக்கிட்டான். கையில ஸ்விட்ச் ஓலெட், நின்டெண்டோ கம்பெனியோட கையில பிடிச்சு விளையாடுற கேம் மெஷின். "அம்மான், எங்கிட்ட மரியோ கார்ட் மட்டும்தான் இருக்கு. விழுந்து கும்பிட்டதுல நல்லா காசு சேந்திருக்கு. அடுத்து என்ன கேம் வாங்கலாம்?"

கேட்டுட்டு போன்ல ஒரு லிஸ்ட்ட நீட்டுறான். யாரோ யூட்யூப்ல சொன்ன கண்டிப்பா வாங்க வேண்டிய 25 கேம். நான் பாத்த ஒடனே சொன்னேன், தம்பி இது கேம் லிஸ்ட் இல்லடா, கல்யாணச் சாமான் லிஸ்ட்.

செட்டிநாட்டுப் பக்கம் இல்லாதவுகளுக்கு இது புரியாது, அதுனால கொஞ்சம் சொல்லிர்றேன். எங்க வீடெல்லாம் ஒரு ஆளு வீடு கிடையாது, பங்காளிக எல்லாருக்கும் பொது, வளவச் சுத்தி, அதாவது நடு முத்தத்தச் சுத்தி, வரிசையா அறை இருக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) ஒரு அறை, அதுக்குள்ள அந்தந்தக் குடும்பத்துச் சாமான். கல்யாணத்துல பொண்ணுக்கு வச்ச சாமானப் பரப்பி வச்சு ஊரே வந்து பாத்துட்டுப் போகும், அப்புறம் எல்லாத்தையும் கட்டி அறையில போட்டுப் பூட்டிருவாக. அந்த மே மாசந்தான் அப்பத்தா அறைய ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் தொறந்தோம், பெரிய அண்டா ஒண்ணு வேணும்னு. உள்ள பாத்தா ஸ்வீடன் எனாமல் தூக்கு, பர்மா அரக்குப் பெட்டி, டஜன் டஜனா எவர்சில்வர் டம்ளர், அதுல பாதி சுத்துன பேப்பரக் கூட பிரிக்கல. அப்பத்தாவுக்கு எம்பத்திரெண்டு வயசு. இதுல எத்தன தொட்டிருக்கீங்கன்னு கேட்டா, "எதுக்குத் தொடணும்? இருக்குல்ல"ங்கிறாக.

சிரிச்சோம். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு, ஏன்னா என்னோட ஸ்விட்ச் லைட்ல (அதே மெஷின்ல சின்ன மாடல்) எழுபத்தோரு கேம் இருக்கு, முடிச்சது பதினாலு. மிச்சமெல்லாம் தள்ளுபடியில வாங்குனது, அந்த லிஸ்ட்ல இருந்துச்சு இந்த லிஸ்ட்ல இருந்துச்சுன்னு வாங்குனது, பேப்பர் பிரிக்காத டம்ளருதான் எல்லாம். 2020 லேர்ந்து இந்த அஞ்சு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான், அதத்தான் அவன்ட்ட அன்னிக்கு மத்தியானம் பூரா சொன்னேன். கேம் நல்லாருக்கான்னு கேக்காத. இத எங்க உக்காந்து விளையாடப் போற, எந்த நேரத்துல, யாரோடன்னு கேளு. மூணுக்கும் பதில் இருந்தா வாங்கு. டிவியில மாட்டுற கன்சோலுக்கு இந்தக் கேள்வியே வராது, அது ஹால்ல ஒரே எடத்துல கெடக்கும். கையில தூக்கிட்டுப் போற சாமானுக்கு எடந்தான் எல்லாமே.

எடம்னு சொன்னதும் மொதல்ல சூட்டப் பத்தி சொல்லணும். நின்டெண்டோ சொல்ற கணக்கு 5 லேர்ந்து 35 டிகிரி வரைக்கும் ஸ்விட்ச் ஓட்டலாம்னு. காரைக்குடிப் பக்கம் மே மாசம் 35 எங்க இருக்கு, காலைல பத்து மணிக்கே தாண்டிரும். திண்ணையில வெயில் படுற எடத்துல வச்சு சார்ஜ் போட்டுக்கிட்டே பெரிய கேம் ஓட்டுனா பின்பக்கம் தோசக்கல்லு மாதிரி ஆயிரும். எங்க பயலுக அதுக்கு வழி கண்டுபிடிச்சிருந்தானுக, வளவ விட்டு உள்ள பட்டாலைங்கிற கூடத்துல ஆத்தங்குடிக் கல்லுத் தரையில ஃபேனுக்கு அடியில குப்புறப் படுத்துக்கிட்டுதான் விளையாட்டே. அந்தத் தரை சில்லுன்னு இருக்கும், வயித்துக்கும் எதம், ஸ்விட்ச்சுக்கும் எதம்.

அப்புறம் மெமரி கார்டு. ஓலெட் மாடல்ல உள்ள இருக்கறது 64 ஜிபி, என்னோட லைட்ல 32 தான். பிரெத் ஆஃப் த வைல்ட்னு ஒரு பெரிய கேம் போட்டாலே லைட்ல பாதிக்குப் பாதி போயிரும். அதுனால மைக்ரோ எஸ்டி கண்டிப்பா வேணும், அதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. நான் பிடிச்சேன். பாதி வெலைக்கு 512 ஜிபின்னு ஒரு கடைல வாங்கி வந்து போட்டா, 512 ன்னு காட்டுது, கேம் எறங்குது, நாலாவது கேம் எறங்குனதும் மொதக் கேம் தொறக்க மாட்டேங்குது. போலி. நெசமா அதுல முப்பத்திச் சொச்சம் ஜிபிதான் இருந்துருக்கு, மேல மேல எழுதிக்கிட்டே போயிருக்கு. கார்டு வாங்குன ஒடனே கம்ப்யூட்டர்ல போட்டு முழுசா நெரப்பி சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் ஸ்விட்ச்ல போடுங்க. ஸ்விட்ச் 2 வாங்குனவுகளுக்கு இன்னொண்ணு, அதுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்ங்கிற புது வகை கார்டுதான் சேரும், பழைய கார்டுல கேம் போட முடியாது. உள்ளயே 256 ஜிபி இருக்கறதுனால அவசரம் இல்ல.

சரி, கேமுக்கு வருவோம்.

வீடு நெறைய ஆளு இருக்கறப்ப என்ன கேம்? மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கிற கார் ரேஸ்தான், அவன்ட்ட இருக்கு, ஆனா அத அவன் பாதிதான் விளையாடிருக்கான். ரெண்டு ஓரத்துலயும் இருக்குற பட்டன் துண்டு, ஜாய்கான்னு பேரு, அது ரெண்டையும் கழட்டி குறுக்கால பிடிச்சா ஒரு மெஷின்லயே ரெண்டு பேர், என்னோட லைட்ட பக்கத்துல வச்சு வயர்லெஸ்ல சேத்தா இன்னும் ஆளு. (அதுக்கு ரெண்டு மெஷின்லயும் கேம் இருக்கணும், எங்கிட்ட இருந்துச்சு.) ஸ்மார்ட் ஸ்டியரிங்குன்னு ஒண்ணு இருக்கு, வண்டி தானா ரோட்டுக்குள்ள நிக்கும், ஆக்சிலேட்டரயும் தானா போட விடலாம். நாலு வயசுக் கொழந்தையும் ஓட்டிச்சு, எங்க பெரியப்பச்சியும் ஓட்டுனாக. பெரியப்பச்சி கடைசியா வந்துட்டு "ரோடு சரியில்ல"ன்னாக. மொத்தம் 48 டிராக், அப்புறம் காசு குடுத்து வாங்குற பூஸ்டர் பாஸ்ல இன்னொரு 48. புதுக் கேம் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பாஸ வாங்குடான்னேன், கூட்டத்துல விளையாடுறவனுக்கு அதுதான் லாபம். ஓவர்குக்ட் 2 வும் சொன்னேன், நாலு பேரு சேந்து சமையல் பண்ணி ஆர்டர் அனுப்பணும், கத்தி மல்லுக்கட்டி. கொட்டகையில அன்னிக்கு நடந்த பந்தியப் பாத்தவன் அத காசு குடுத்து வாங்குவானான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு, விட்டுட்டேன்.

ஆனா அன்னிக்கு ஜெயிச்சது வேற கேம். கிளப்ஹவுஸ் கேம்ஸ், 51 வேர்ல்ட்வைட் கிளாசிக்ஸ்ங்கிறது முழுப் பேரு, 2020 ல வந்தது. என் லைட்ல கெடந்துச்சு, பேப்பர் பிரிக்காத டம்ளர்ல அதுவும் ஒண்ணு. பேரப் பாத்தா என்னமோ போரடிக்கிற சாமான் மாதிரி இருக்கும், 51 பழைய ஆட்டம், செஸ், லூடோ, கேரம், சீட்டாட்டம், நம்ம ஸ்கூல் நோட்டுல கடைசிப் பக்கத்துல புள்ளி வச்சுக் கட்டம் கட்டி பேரு எழுதுவோமே அது கூட இருக்கு. வரிசையில மொத ஆட்டமே மங்காலா. தொறந்தா குழி, குழிக்குள்ள மணி. அப்பத்தா கண்ணாடியத் தூக்கிவிட்டு எட்டிப் பாத்து, "இது பல்லாங்குழில்ல?"ன்னாக.

அவுககிட்ட குடுத்தேன். தரையில மெஷின வச்சு ரெண்டு பக்கம் ரெண்டு பேரு உக்காந்து வெரலால தொட்டே விளையாடலாம், பட்டனே வேணாம், அதுதான் இதுல விசேஷம். எதிர்ல பேரன் மகன் இல்ல, மக வயித்து... சரி, ஒறவு கணக்கு வேணாம், கொள்ளுப்பேரன் உக்காந்தான். நம்ம பல்லாங்குழிக்குப் பக்கத்துக்கு ஏழு குழி, இதுல ஆறு. ஒவ்வொரு குழியிலயும் நாலு மணி. ஓரத்துல பெரிய குழி ஒண்ணு, அதுல போட்டது நம்ம கணக்கு. நம்ம ஆட்டத்துல கடைசி மணியப் போட்டதும் அடுத்த குழிய அள்ளித் தொடர்ந்து போயிக்கிட்டே இருப்போம், காலிக் குழி வந்தா தொடச்சு அதுக்கு அடுத்த குழியில இருக்கறத எடுப்போம், நாலு சேந்தா பசு. இங்க அந்தத் தொடைக்கிறதும் இல்ல, பசுவும் இல்ல. கடைசி மணி நம்ம பெரிய குழியில விழுந்தா இன்னொரு ஆட்டம், நம்ம பக்கத்துக் காலிக் குழியில விழுந்தா எதிர்ல இருக்கறத அள்ளிக்கலாம், அவ்வளவுதான்.

மொத ஆட்டம் அப்பத்தா தோத்தாக. "தொடைக்காம என்ன ஆட்டம், இது மொட்ட ஆட்டம்"னு திட்டிக்கிட்டே ரெண்டாவது ஆட்டம். மூணாவது ஆட்டத்துல புடிச்சுட்டாக, பெரிய குழியில சரியா கடைசி மணி விழுற மாதிரி எண்ணி எண்ணி, தொடந்து நாலு தடவ அவுக முறையே வந்துச்சு. அவன் வாயப் பொளந்துட்டான். அவுகளுக்கு எண்ண வேண்டிய அவசியமே இல்ல, பாத்த ஒடனே கணக்கு வந்துருது, அறுபது வருஷம் புளியங்கொட்டைய அள்ளிப் போட்ட கை அது. அப்புறம் என்னாச்சுன்னா, சாவியக் குடுத்து அறையத் தொறந்து நெஜப் பலகைய எடுத்துட்டு வரச் சொன்னாக. வெங்கலப் பலகை, கீலு வச்சு மடக்குறது. அது எடுத்ததுக்கு அப்புறம் ஸ்விட்ச்ச எவனும் ஒரு மணி நேரம் தொடல.

அதுனால அந்தக் கேம் வேஸ்ட்டுன்னு சொல்ல வரல. நாப்பது டாலர் போட்டதுல அன்னிக்கு ஒரு மத்தியானத்துலயே எனக்கு காசு தேறிருச்சு. அஞ்சு வருஷம் தனியா ரூம்ல தொறந்து பாத்து மூடுன கேமு, ஆளு சேந்ததும் உயிர் வந்துச்சு பாருங்க, இதத்தான் நான் யாரோடன்னு கேளுன்னு சொன்னது.

இன்னொண்ணு ஆத்தாவோட, அதாவது எங்க அம்மாவோட. வெண்பான்னு ஒரு கேம் 2023 ல வந்துச்சு, டொரான்டோவுல இருக்குற விசை கேம்ஸ்ங்கிற சின்ன ஸ்டுடியோ பண்ணது. எம்பதுகள்ல கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அவுக பையன் கவின். வெண்பாவோட அம்மா எழுதுன சமையல் நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு போயிருக்கும், அதுல விட்டுப்போன வரிய நாமளே யோசிச்சு சமைக்கணும். மொத சமையல் இட்லி. பய இட்லித் தட்ட வரிசையா அடுக்கி வச்சுட்டான், வேகல. மறுபடி அடுக்குறான், வேகல. ஆத்தா முறுக்கு டின்னோட அந்தப் பக்கம் போனவுக நின்னு பாத்துட்டு, "ஏப்பா, குழி மேல குழிய வச்சா ஆவி எப்படிப் போகும், மேல் தட்டத் திருப்பி வையி"ன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருக்காக. அப்படித்தான் விடை. அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே.

அந்தக் கேம் ஒண்ணர ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும், வெல பதினஞ்சு டாலர். நேரக் கணக்கு பாத்தா நஷ்டம்னு எழுதுற ஆளுக இருக்காக, நான் ஒத்துக்க மாட்டேன். சிங்கப்பூர்ல வளந்த பயலுக்கு அதுல நடக்குறது எதுவும் வெளிநாட்டுக் கத இல்ல. பையன் வீட்டுல தமிழ்ல கேட்டதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ற எடம் வரும், அங்க வந்ததும் எங்க ஆச்சி எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டாக. பிரிட்டன்ல குடுக்குற பாஃப்டாவுல 2024 ல அறிமுகக் கேமுக்கான விருது அதுக்குத்தான். இந்தியாவுல பண்ண கேம் வேணும்னா ராஜி இருக்கு, புனேல நாடிங் ஹெட்ஸ்ங்கிற டீம் பண்ணது, 2020 ல மொதல்ல ஸ்விட்ச்லதான் வந்துச்சு. பாக்க அருமையா இருக்கும், சண்ட கொஞ்சம் தடவும். தள்ளுபடியில வாங்குங்க.

இனி தனியா விளையாடுறதுக்கு. இதுலதான் ஆளுக தப்பு பண்றாக, எல்லாத்தையும் தனியா விளையாடுற பெரிய கேமா வாங்கிக் குவிச்சிர்றது. ஒரு நேரத்துல ஒரு பெரிய கேம் போதும், ஒண்ணே ஒண்ணு. பெருசுன்னா நான் பிரெத் ஆஃப் த வைல்டத்தான் சொல்லுவேன், 2017 மார்ச் 3, ஸ்விட்ச் வந்த அன்னிக்கே வந்த சாகசக் கேமு, இன்னும் அதத் தாண்டி சொல்ல எனக்கு மனசு வரல. அதுல 120 கோயில் மாதிரி குட்டிக் குட்டிப் புதிரு இருக்கு, ஒவ்வொண்ணும் பத்துப் பதினஞ்சு நிமிஷம். பெரிய கேமா இருந்தாலும் அந்தக் கோயில் ஒண்ணொண்ணா முடிச்சுக்கிட்டே போகலாம்ங்கிறதுனாலதான் அது கையில வச்சு விளையாட ஏத்ததா இருக்கு. பந்திக்குக் கூப்புட்டா மேல இருக்குற பவர் பட்டன ஒரு தட்டு தட்டுனா அப்படியே தூங்கிரும், சாப்புட்டு வந்து விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். மலையேறிக்கிட்டு இருக்கறப்பக் கூட.

சின்னதுல என்னோட முதல் ஓட்டு இன்டு த பிரீச். வெல பதினஞ்சு டாலர், 2018. எட்டுக்கு எட்டு கட்டம், நம்மட்ட மூணு பெரிய எந்திரம், எதிர்ல கூட்டங் கூட்டமா பூச்சி வந்து ஊர இடிக்கும். இத எப்படி அவனுக்குப் புரிய வைக்கிறதுன்னு யோசிச்சேன், அப்புறம் திண்ணையில கல்லுலயே செதுக்கி வச்சிருக்குற ஆடுபுலி ஆட்டக் கோட்டக் காட்டுனேன். மூணு புலி பதினஞ்சு ஆடு. ஆடு எண்ணிக்கையில ஜாஸ்தி, புலிக்கு பலம் ஜாஸ்தி, புலிய அடிக்க முடியாது, நகர விடாம கட்டத்தான் முடியும். இந்தக் கேம்ல நம்மதான் அந்த மூணு புலி. ஆனா ஒரு பெரிய வித்தியாசம், எதிராளி அடுத்து எங்க அடிக்கப் போறான்னு மொதல்லயே காட்டிரும், ஒளிவு மறைவே கெடையாது. அந்தப் பூச்சிய ஒரு கட்டம் தள்ளி விட்டா அது அடிக்கிற அடி பக்கத்துல இருக்குற இன்னொரு பூச்சி மேல விழும். கொல்றத விட தள்றதுதான் ஆட்டம். நாலஞ்சு முறையில ஒரு சண்ட முடிஞ்சிரும், ஆனா அந்த ஒவ்வொரு முறைக்கும் நான் பத்து நிமிஷம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் சாஞ்ச நேரத்துக்கு இத விட்டா வேற இல்ல.

ரயிலுக்கு வேற. நான் சென்னையிலேர்ந்து வீட்டுக்கு வந்து போறது பல்லவன்ல, காரைக்குடியில விடியக்காலைல ஏறுனா ஏழு மணி நேரம் கிட்ட. பக்கத்து சீட்டுக்காரவுக முட்டியில முட்டிக்கிட்டு உக்காந்திருப்பாக, டீ காபி போய்க்கிட்டே இருக்கும். இங்க ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பரோன்ங்கிற ஒரே ஆளு நாலு வருஷத்துக்கு மேல தனியா உக்காந்து படம், பாட்டு, கத எல்லாம் பண்ண கேமு, 2016 ல வந்தது. தாத்தா விட்டுட்டுப் போன வயலுக்கு டவுன்லேர்ந்து திரும்பி வந்து வெவசாயம் பாக்குறது. அதுல ஒரு நாளுங்கிறது நம்ம நேரத்துக்கு 14 நிமிஷம் சொச்சம், ராத்திரி படுத்தாத்தான் சேவ் ஆகும். திருச்சி வர்றதுக்குள்ள அஞ்சாறு நாளு வெவசாயம் பாத்து தண்ணி ஊத்தி முடிச்சிரலாம். ஜன்னலுக்கு வெளிய காஞ்ச கண்மாய், உள்ள பச்சப் பசேல்னு முள்ளங்கி. கையில கொண்டு போற கேமுங்கிற நெனப்பே ரயில்ல பொறந்ததுதானாம், நின்டெண்டோவுல இருந்த குன்பேய் யோகோய், ரயில்ல ஒருத்தர் பொழுது போகாம கால்குலேட்டர தட்டிக்கிட்டு இருந்ததப் பாத்துட்டுத்தான் 1980 ல கேம் அண்ட் வாட்ச் பண்ணாருன்னு சொல்லுவாக. ஒம்பது வருஷம் கழிச்சு அவரு கேம்பாய் பண்ணாரு, டெட்ரிஸ் சேத்து வித்தாக. அந்த டெட்ரிஸத்தான் நாம ஒரு பைசா லைசென்ஸ் இல்லாத 9999 இன் 1 பிரிக் கேமுல, திருவிழாக் கடைல வாங்கி, பேட்டரி மூடி ஒடஞ்சு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி விளையாடுனோம். 9999 ன்னு போட்டிருக்கும், எண்ணிப் பாத்தா பத்துப் பன்னெண்டு இருக்கும். லைப்ரரி பெருசுன்னு ஏமாந்தது அப்பவே ஆரம்பிச்சுருச்சு.

பலாட்ரோ பத்தி யோசிச்சு யோசிச்சுத்தான் சொன்னேன். 2024 ல வந்தது, சொந்தப் பேரக் கூட வெளிய சொல்லாத ஒரு ஆளு பண்ணது. போக்கர் சீட்ட வச்சு, ஜோக்கரச் சேத்துச் சேத்து பாயின்ட்ட லட்சம் கோடின்னு ஏத்துற ஆட்டம். காசு வச்சு ஆடுறது கெடையாது. ஆனாலும் ஐரோப்பாவுல ஒரு தடவ 18 வயசுன்னு முத்திர குத்தி, அப்புறம் சண்ட போட்டு 12 ஆக்குனாக. பயலுக்கு சரியா 12. ஆச்சிட்ட கேட்டுக்கோன்னு தள்ளி விட்டுட்டேன். எனக்கு அதோட பயம் வேற, அது ஒரு ஆட்டம்னு ஆரம்பிச்சா ராத்திரி ரெண்டு மணி ஆயிரும். சீட்டுக் கச்சேரியில மூணு நாளா எந்திரிக்காத எங்க சித்தப்பா ஒருத்தர் அத வாங்கிப் பாத்துட்டு எனக்கே திருப்பித் தரல.

கஷ்டமான கேம் வேணும், ஆனா பாதியில விட்டுறக் கூடாதுன்னா செலஸ்ட், ஒரு பொண்ணு மலையேறுற கத. நூறு தடவ சாவீங்க, ஒவ்வொரு தடவையும் ஒரு நொடியில திரும்ப அதே எடத்துல நிப்பீங்க. முடியலைன்னா அசிஸ்ட் மோடு, வேகத்தக் கொறச்சுக்கலாம், அதுல கேவலம் ஒண்ணுமில்ல. ஹாலோ நைட்னு இன்னொரு கேமும் இந்த வகைதான், நாப்பது மணி நேரம் தாங்கும், ஆனா அத ரயில்ல ஆடாதீங்க, வழி மறந்துரும்.

வாங்க வேணாம்னு சொன்னதும் இருக்கு. கிளவுட் வெர்ஷன்னு பேருல போட்டிருந்தா தொடாத, அது கேமு இல்ல, நெட்டுல ஓடுற வீடியோ, பள்ளத்தூர்ல டவர் ரெண்டு கோடு காட்டுறப்ப அது படமாவே வராது. பெட்டிக்குப் பின்னாடி டவுன்லோட் தேவைன்னு பொடி எழுத்துல போட்டிருந்தா, கேம் கார்டுல பாதிதான் இருக்கு, மீதிய எறக்கணும்னு அர்த்தம். வருஷா வருஷம் வர்ற ஃபுட்பால் கேம வாங்காத. ஃபிஃபா 20 லேர்ந்து 23 வரைக்கும் ஸ்விட்ச்ல லெகசி எடிஷன்னே பேரு போட்டு வித்தாக, ஆளு பேரு, ஜெர்சி மாறும், ஆட்டம் அதே பழைய ஆட்டம். அப்புறம் பேரு மாறி வந்த எஃப்சி கொஞ்சம் தேவலைன்னாலும் அடுத்த வருஷம் அதுவும் பழசு. இத ரொம்ப அழுத்திச் சொன்னேன்.

பெட்டியில வர்ற கேம் கார்டா, டவுன்லோடான்னு கேட்டான். எங்க ஐயா பர்மாவுல கணக்கு எழுதுன பரம்பரை, வருஷ முடிவுல ஐந்தொகை எடுக்காம தூங்க மாட்டாக. அவுக பேரனா இருந்துக்கிட்டு நான் கணக்குப் பாக்காம இருந்தா எப்படி? நின்டெண்டோ சொந்தக் கேமெல்லாம் அறுபது டாலர் போட்டு வாங்குனா வருஷக் கணக்குல வெல எறங்காது, அதுனால அத கார்டா வாங்கு, முடிச்சுட்டு வித்தா பெரும்பாதிக் காசு திரும்பும். பெரும்பாலும் எந்த நாட்டுல வாங்குன கார்டும் எந்த ஸ்விட்ச்லயும் ஓடும், ஆனா ஜப்பான் கார்டா இருந்தா இங்கிலீஷ் இருக்கான்னு பாத்து வாங்கு. பதினஞ்சு இருவது டாலர் சின்னக் கேமெல்லாம் டவுன்லோடா வாங்கு, விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சா பாதி வெலைக்கு ஒரு நாளு வரும். வந்ததுக்காக மட்டும் வாங்காத, என்னோட எழுபத்தொண்ண நெனச்சுக்கோ. கார்ட எங்கயாச்சும் போட்டு வைக்காதடான்னு நான் சொல்லி வாய மூடல, சின்னவ, ரெண்டு வயசு, மரியோ கார்ட் கார்ட எடுத்து வாயில வச்சுட்டா. மொகம் அப்படியே கோணிக்கிச்சு, து துன்னு துப்புறா. கொழந்தைக முழுங்கிறக் கூடாதுன்னு அந்தக் கார்டு மேல டெனடோனியம் பென்சோயேட்னு ஒரு கசப்ப வேணும்னே தடவிருக்கானுக. வேப்பங்கொழுந்தெல்லாம் அதுட்ட தோத்துப் போகும். (ஆமா, நானும் நக்கிப் பாத்திருக்கேன். எல்லாரும் நக்கிருக்கீங்க, சும்மா இருங்க.)

எனக்கு 2008 ல எங்க அம்மான் சிங்கப்பூர்லேர்ந்து பிஎஸ்பி (சோனியோட கையடக்கக் கேம் மெஷின்) கொண்டு வந்து குடுத்தாக, கூட ஒரே ஒரு டிஸ்க்கு, பட்டபான். பட்ட பட்ட பட்ட பான்னு தாளத்துக்கு பட்டன அமுக்குனா குட்டிக் குட்டிக் கண்ணு ஆளுக வரிசையா நடக்கும், பான் பான் பட்ட பான்னா அடிக்கும், தாளம் பிசகுனா நின்னுரும். ஒரு வருஷம் அது ஒண்ணுதான் இருந்துச்சு எங்கிட்ட. அறுபதாங்கல்யாணச் சாந்தியில மேளக்காரவுக வாசிக்கறப்ப என் கட்ட வெரலு இன்னும் அந்தத் தாளத்துக்குத்தான் போகுது. ரெண்டு பாகமும் சேத்து 2025 ல ஸ்விட்ச்சுக்கு வந்துச்சு, வாங்கல இன்னும், ஏன்னா எங்க எப்ப யாரோடங்கிறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, பழைய நெனப்பு மட்டுந்தான் இருக்கு.

ஊருக்குப் போய் ரெண்டு வாரம் கழிச்சு பய போட்டோ அனுப்பிச்சான், வாங்குன கேம வரிசையா அடுக்கி. பூஸ்டர் பாஸ், கிளப்ஹவுஸ் கேம்ஸ், இன்டு த பிரீச். எனக்கு பெருமை தாங்கல. பெருசாக்கிப் பாத்தா ஓரத்துல நாலாவதா ஒரு பெட்டி, ஃபுட்பால் கேமு. ஒடனே போன போட்டேன், ஏண்டா அவ்வளவு சொன்னேனேடான்னு.

"நீங்கதான அம்மான் சொன்னீக, யாரோட விளையாடப் போறேன்னு பாத்து வாங்குன்னு? எங்க கிளாஸ்ல எல்லாரும் ரீசெஸ்ல இதத்தான் விளையாடுறாங்க."

அப்புறம் போன அப்பத்தாட்ட குடுக்கச் சொன்னான், தொடைக்கிற ஆட்டத்துல ஏதோ சந்தேகமாம்.